இடது பக்கம் மூன்றாவது ஆள்

இதை எழுதுவதற்கென்று என் மகனின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து நாலு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை தோறும் அலமாரியைத் துடைக்கும்போது நோட்டையும் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். எழுத வராது என்று தயங்கவில்லை. ஒன்பதாவது வரை படித்தவள்தான், ஆனாலும் சொல்ல வந்ததை எழுதிவிடுவேன். இதில் செத்துப்போன என் அம்மா வருகிறாள். நான் ஒரு வார்த்தையை மாற்றிப் போட்டாலும் அதைப் பிடித்துக்கொண்டு அவளைப் பற்றிப் பேசுவார்கள் என்றுதான் பேனாவைத் தொடாமல் இருந்தேன். இப்போது பார்த்தால் நான் எழுதாமலே பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் முருகனைக் கும்பிட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் சாமி அலமாரிக்கு அடுத்த சுவரில் என் அப்பாவின் படம் மாட்டியிருந்தது. கறுப்புக் கோட்டு, கோடு போட்ட டை. நாற்காலியில் உட்கார்ந்து இடது கையைச் சின்ன மேஜை மேல் வைத்திருப்பார். மணிக்கட்டில் கடிகாரம், மேஜை மேல் பூ ஜாடி. அது போட்டோ இல்லை. போட்டோவைப் பார்த்து ஸ்டுடியோக்காரர் பெரிதாக வரைந்து வர்ணம் போட்டது.

அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நான் அம்மா வயிற்றில் ஆறு மாசமாக இருக்கும்போது கீழே பாறை வெடித்து இறந்துபோனார். அவரைத் தனியாக எடுத்த போட்டோ ஒன்றுகூட இல்லை. அவருடைய ஷிப்டு ஆட்கள் எல்லாரும் சேர்ந்து நின்ற குரூப் போட்டோ ஒன்றுதான் ஊரில் இருந்தது. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, அதை யார் வீட்டிலோ கேட்டு வாங்கிக்கொண்டு பங்காருபேட்டைக்குப் போனார். அங்கே ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து இந்தப் படத்தைச் செய்து, ரயிலில் யாரும் இடிக்காமல் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அவரும் சுரங்கத்து ஆள்தான். படிப்பு கிடையாது. ஆனால் என்னையும் அம்மாவையும் கடைசிவரை தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர். அவர் இந்தக் கதையைச் சொல்லாத பண்டிகை கிடையாது.

"இடது கைப் பக்கம் மூணாவது ஆளுன்னு ஒரே வார்த்தைதான் சொன்னேன். இன்னா மாதிரி ஆபீசர் கணக்கா உக்கார வெச்சுட்டான் பாரு என் தம்பிய!"

சொல்லிவிட்டு அழுவார். கோட்டைப் பார்த்து அழுவார். படத்தின் முகத்தைப் பார்த்து அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எனக்கு ஏழெட்டு வயசிருக்கும்போது அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன், "அப்பா இப்படியாம்மா இருந்தாரு?" அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "உங்கப்பா கோட்டெல்லாம் போட்டதில்ல" என்றாள். அவ்வளவுதான். அப்போது அது எனக்குச் சிரிப்பாக இருந்தது. படத்துக்குப் பூ போடுவது எப்போதும் அம்மாதான். என்னைக்கூட விடமாட்டாள். சட்டத்தின் இரண்டு பக்கமும் கன்னத்தை மறைக்கிற மாதிரி அகலமாகத் தொங்கவிடுவாள். நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு. அம்மா போன பிறகு நானும் அதே மாதிரிதான் செய்தேன். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் படமும் கூடவே வந்தார்கள். ஒற்றைப் பிள்ளை என்பதால் அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இது இப்படி இருக்க, எங்கள் லைனுக்கு, அதாவது சுரங்கத்து வீட்டு வரிசைக்கு, இரண்டு தெரு தள்ளி இருக்கிற சர்ச்சின் பின்பக்க ஹாலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பெரியவர்களுக்கு ஓவியம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு, ஆறு சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி, எந்த மதத்தவரும் வரலாம் என்று போட்டிருந்தது. நான் வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கினார். பெங்களூருக்குத் தினமும் ரயிலில் போய் வந்து ரிட்டையர் ஆனவர். வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் கேள்விதான்.

"படம் வரையக் கத்துக்கறதுக்கா?"

"வரையறதுக்கு இல்லீங்க. பாக்கறதுக்கு."

"பாக்கறதுக்கு இன்னாத்துக்கு வகுப்பு? கண்ணு இருந்தா போதாதா?"

"கண்ணு உங்களுக்குந்தான் இருக்குது. நெத்தியில ஏத்தி வெச்சிருக்கிற கண்ணாடியக் காலையிலேர்ந்து தேடிக்கிட்டிருக்கீங்க."

அவர் நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பேப்பரைத் தூக்கிக்கொண்டார். நான் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினாலு பேர் சேர்ந்திருந்தோம். பாதிக்கு மேல் பென்ஷன்காரர்கள். சொல்லித்தர வந்தவள் கோலார் பக்கத்துப் பெண், முப்பது வயசுகூட இருக்காது. பெங்களூரில் ஓவியம் படித்தவள். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், நடுநடுவே இரண்டும். மேடம் என்று நாங்கள் கூப்பிட்டால் வெட்கப்படுவாள். அவளுடைய வகுப்புக்கு ஒரே ஒரு சட்டம். படத்தைச் சுவரில் ஒட்டுவாள். பத்து நிமிஷம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அப்புறம் ஒவ்வொருவரும் கண்ணில் பட்ட ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அழகாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. சோகமாக இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது.

"ஸ்வல்ப, கொஞ்சம் பொறுமையா பாருங்க. உங்களுக்குத் தெரிஞ்ச கதையெல்லாம் வெளிய செருப்போட விட்டுட்டு வாங்க."

முதல் வாரம் எனக்கு அது சுலபமாகத்தான் இருந்தது. தினமும் விளக்கேற்றி சாமி முன்னால் அரை மணி அசையாமல் உட்கார்கிறவளுக்குப் பத்து நிமிஷம் என்ன பெரிசு? ஆனால் சாமி படத்தின் முன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இங்கே கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஐந்தாவது நிமிஷத்தில் எனக்கு அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்த மாதிரி பரபரப்பாகிவிட்டது. எட்டாவது நிமிஷத்துக்கு மேல்தான் படத்தில் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. மேஜைக்கு அடியில் ஒரு பூனை. அதுவரை அதை நான் பார்க்கவே இல்லை.

இரண்டாவது வாரம் ஒரு சண்டை வந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். படத்தில் ஒரு பெண் எங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். எங்களுக்கு இடது பக்கம் ஜன்னல், வலது பக்கம் கதவு.

"படத்துல இடது பக்கம் இன்னா இருக்குது?" என்று மேடம் கேட்டாள்.

"ஜன்னல்" என்றோம் நாங்கள்.

"கதவு" என்றார் மேஸ்திரி அண்ணன். அவர் சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலையில் மேஸ்திரியாக இருந்தவர். எழுபதைத் தாண்டினவர். அவரோடு உட்கார்ந்திருந்த இன்னும் இரண்டு சுரங்கத்துக்காரர்களும், "கதவுதான்" என்றார்கள்.

"அண்ணே, கதவு வலது பக்கம்" என்றேன் நான்.

"யாருக்கு வலது? அந்தம்மா நம்மளப் பாத்து உக்காந்திருக்குது. அதோட இடது கை எந்தப் பக்கம் கீது, பாரு."

"நாமதானே பாக்கறோம்?"

"நீ மேல நின்னு பாக்கற. கீழ இருட்டு மா. எதிர்ல வர்றவன் மூஞ்சி தெரியாது. லாம்ப் மட்டும்தான் ஆடிக்கிட்டு வரும். கல்லு வண்டி வருது, இடது பக்கம் ஒதுங்குன்னு கத்தணும்னா அவனோட இடதைத்தான் சொல்லணும். நம்ம இடதைச் சொன்னா அவன் வண்டிக்கு அடியில போயிடுவான். நாப்பது வருஷம் எதிராளியோட கையைத்தான் பாத்தோம், இப்ப மாத்தச் சொன்னா எப்படி?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. மேடமும் சிரித்துவிட்டு, "சரி, இந்த ஹாலுக்குள்ள மட்டும் மேல இருக்கிறவங்க இடது" என்றாள். "அப்ப எங்களுக்கு மார்க் போட்டுடாதீங்க, பெயிலாயிடுவோம்" என்றார் அண்ணன். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் இடது வலது வந்தால் யாராவது ஒருவர், "மேலயா கீழயா?" என்று கேட்பது எங்களுக்கு வாடிக்கையாகிவிட்டது.

மூன்றாவது வாரம் முடியும்போது மேடம் ஒரு வேலை கொடுத்தாள். அடுத்த வாரம் அவரவர் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். பூ, பொட்டு எல்லாம் எடுத்துவிட வேண்டும்.

எனக்கு மனசே இல்லை. அப்பா படத்தைச் சுவரிலிருந்து இறக்கினால் அது வெள்ளையடிக்க மட்டும்தான். ஆனால் வீட்டில் வேறு படம் என்று பார்த்தால் சாமி படங்கள், அப்புறம் காலண்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூஜை முடித்து, அப்பாவிடம் உத்தரவு கேட்டுவிட்டுக் கழற்றினேன். சந்தனம் கண்ணாடியில் தடித்துப் போயிருந்தது. ஈரத்துணி வைத்து ஊறவிட்டுத் துடைத்தேன். பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

ஹாலில் சுவரோரமாகப் படங்களை வரிசையாக நிறுத்தினார்கள். சுற்றியிருந்த துணிகள் அவிழ அவிழ முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் எல்லாரும் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்கள். நாலு படம் ஒரே படம். அதே கறுப்புக் கோட்டு, அதே கோடு போட்ட டை, மேஜை மேல் அதே இடது கை, அதே கடிகாரம். கடிகாரத்தில் நாலு பேருக்கும் பத்தே கால். தலை மட்டும் வேறு வேறு.

"அடப்பாவி," என்றார் மேஸ்திரி அண்ணன், "எல்லாரையும் ஒரே கோட்டுல ஏத்தி அனுப்பிச்சிருக்கான்!"

மேடத்துக்குக் கண்ணெல்லாம் மின்னியது. உடம்பை முன்கூட்டியே வரைந்து தயாராக வைத்திருப்பார்கள், தலையை மட்டும் போட்டோவைப் பார்த்துப் போடுவார்கள் என்று சொன்னாள். "அதனால கோட்டப் பாக்காதீங்க. அது கடைக்காரரோடது. முகத்தப் பாருங்க. அவர் நிஜமா பாத்து வரைஞ்சது அதைத்தான்."

பத்து நிமிஷம். எனக்குப் பக்கத்தில் மாரிகுப்பத்து அக்கா உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஞாயிறு தவறாமல் சர்ச், வாய் நிறைய ஜெபம், பை நிறைய முறுக்கு. வகுப்பில்தான் பழக்கம். அவர் மட்டும் வெறுங்கையோடு வந்திருந்தார். "எங்க வீட்ல இயேசப்பா படம்தான் இருக்குது. எங்கப்பாவுக்குப் படமே எடுக்கல மா. நான் ஒன்பது வயசுல விட்டேன் அவர" என்று முதல் வாரமே சொல்லியிருந்தார்.

பத்து நிமிஷமும் அவர் என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தது. எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"இந்தப் படத்துல இருக்கிறவருக்குக் காதுல மேல் ஓரம் இல்ல. கத்தரிச்ச மாதிரி இருக்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். ஆமாம். ஒரு பக்கக் காதின் மேல் விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு வெட்டு. கோட்டை நாலு பேருக்கும் ஒன்றாகப் போட்ட அந்த மனுஷர் காதை மட்டும் இருந்தபடியே வரைந்திருக்கிறார். ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தப் படத்தைக் கும்பிடுகிறேன். அந்தக் காதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பூ மறைத்துக்கொண்டிருந்த இடம் அது.

மேடம், "வேற?" என்றாள். அக்கா கையை இறக்கிக்கொண்டார். வகுப்பு முடிந்து எல்லாரும் படத்தைத் துணியில் சுற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. எங்கப்பா என்னத் தோள்மேல உக்கார வெச்சு சர்ச்சுக்குத் தூக்கிட்டுப் போவாரு. விழாம இருக்கறதுக்கு நான் அவரு காதைத்தான் புடிச்சுக்குவேன். இந்த வெட்டுல என் விரல் சரியா உக்காரும்."

சுற்றி நின்றவர்கள் கேட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து படத்தை மாட்டவில்லை. புடவையோடு அலமாரிமேல் வைத்தேன். சுவரில் ஆணியும், சட்டம் இருந்த இடத்தில் வெளுக்காத நீலமும் தெரிந்தது. "மாட்டலியா?" என்றார் வீட்டுக்காரர். நடந்ததைச் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உங்கம்மாவுக்குத் தெரியாம இருந்திருக்குமா?" என்றார். அதுதான் எனக்குள்ளும் இருந்த கேள்வி. ஒன்றரை வருஷம் கூட வாழ்ந்த புருஷன் முகம் பெண்சாதிக்குத் தெரியாமலா போகும்?

தெரிந்தது என்றே நான் அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். படத்தை மடியில் வைத்துக் கொண்டுவந்து அழுகிற மனுஷனிடம், பத்தொன்பது வயசுப் பெண், வயிற்றுப் பிள்ளையோடு அவர் நிழலில் நிற்கிறவள், இது உங்கள் தம்பி இல்லை என்று எப்படிச் சொல்வாள்? அதனால் பூவை அகலமாகக் கட்டினாள். பொட்டைப் பெரிசாக வைத்தாள். எந்த முகம் தெரியக்கூடாதோ அதை மறைத்துவிட்டு, உள்ளே தன் புருஷனை வைத்துக் கும்பிட்டாள்.

ஆனால் ஊர் அப்படி நினைக்கவில்லை. புதன்கிழமை குழாயடியில் எதிர்வீட்டுக்காரி குடத்தை வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா, உங்க வீட்ல இருக்கறது வேற ஆளு படமாமே?"

"அப்படித்தான் ஒருத்தங்க சொல்றாங்க. பாத்துக்கிட்டிருக்கோம்."

"இல்ல, உங்கம்மாவே கேட்டு வரைய வெச்சாங்களா? சின்ன வயசு பாரு, பாவம். யாரு மேல இன்னா மனசு இருந்துச்சோ..."

என் குடம் பாதிதான் ரொம்பியிருந்தது. அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "அந்தப் படத்த வாங்கிட்டு வந்தது எங்க பெரியப்பா. எங்கம்மா ஸ்டுடியோ வாசப்படிய மிதிச்சதில்ல. அடுத்த சனிக்கிழமை மூணு மணிக்கு சர்ச் ஹாலுக்கு வா. உன் கண்ணால பாத்துட்டு அப்புறம் பேசு."

வாய் தைரியமாகச் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கின பிறகுதான் அவள் கேட்டதன் அர்த்தம் முழுசாகப் புரிந்தது. கட்டின புருஷனுக்காக ஐம்பது வருஷம் விளக்கேற்றின அம்மாவுக்கு, செத்த பிறகு இப்படி ஒரு பேர். அப்பா முகம் எனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அம்மா பேர் நிற்க வேண்டும். முருகா, நீ பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு மேஸ்திரி அண்ணன் வீட்டுக்கு நடந்தேன்.

"அண்ணே, அந்தக் காலத்து ஷிப்டு குரூப் போட்டோ யார்கிட்டயாவது இருக்குமா?"

அவர் என்னை உட்காரச் சொன்னார். "எங்கப்பாதான் அந்த ஷிப்டுக்கு மேஸ்திரி. போட்டோ எங்க வீட்லதான் கீது. உங்க பெரியப்பா கேட்டு வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் குடுத்தது எனக்கே ஞாபகம் இருக்குது. எடுக்கட்டுமா?"

பார்க்க வேண்டும் என்று உயிர் துடித்தது. ஆனால், "வேணாம்ண்ணே. சனிக்கிழமை ஹாலுக்குக் கொண்டாங்க. எல்லாரும் ஒண்ணா பாக்கலாம்" என்றேன். நான் முதலில் தனியாகப் பார்த்தால் நானே ஒன்றைச் சொல்லிக்கொடுத்ததாகப் பேச்சு வரும். அந்த இடம் கொடுக்க எனக்கு மனசில்லை.

சனிக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி வந்திருந்தாள். என் வீட்டுக்காரரும் கண்ணாடியை ஒழுங்காக மூக்கில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மேடத்திடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் போட்டோவைத் தன் போனில் எடுத்து, ஹாலில் இருந்த மெஷினில் பெரிதாகச் சுவரில் விழவைத்தாள். முன்வரிசையில் நாற்காலியில் ஆபீசர்களும் மேஸ்திரியும். பின்னால் நின்றபடி ஒன்பது பேர். எல்லாருக்கும் ஒரே மாதிரி மீசை. கையில் தொப்பி.

"பத்து நிமிஷம்," என்றாள் மேடம். "பேசக் கூடாது. எங்க சட்டம் புதுசா வந்தவங்களுக்கும்தான்."

எதிர்வீட்டுக்காரிக்கு அதுதான் பெரிய தண்டனை.

பத்து நிமிஷம் முடிந்ததும் மேடம் என் கோட்டுப் படத்தைச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். இந்த முகம் அந்த ஒன்பதில் எது என்று கேட்டாள். எல்லாரும் ஒரே ஆளைக் காட்டினார்கள். எங்களுக்கு இடது பக்கத்திலிருந்து மூன்றாவது. பெரிதாக்கினதில் காது வெட்டு தெரிந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்ப இன்னொண்ணு," என்றாள் மேடம். "இந்த ரூம்ல இருக்கிற யாருக்காவது சொந்தக்காரர் மாதிரி வேற ஒருத்தர் இதுல தெரியறாரா? சொல்லாதீங்க. விரல மட்டும் நீட்டுங்க."

நான் விரலை நீட்டவில்லை. என்னால் முடியவில்லை. மற்றவர்களைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, அப்புறம் ஹால் முழுக்க விரல்கள். எல்லாம் ஒரே பக்கம். எங்களுக்கு வலது பக்கத்திலிருந்து மூன்றாவது. அந்த ஆள் மட்டும் தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டு நின்றார். இரண்டு புருவமும் நடுவில் ஒட்டினாற்போல. எங்கள் வீட்டில் என் மகன் அப்படித்தான் நிற்கிறான். நானும் அப்படித்தான் நிற்பேனாம், எனக்கே தெரியாது.

"நிமிந்து நில்லுன்னு கல்யாண போட்டோவுலயே சொன்னேன் இவகிட்ட," என்றார் என் வீட்டுக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மேஸ்திரி அண்ணன் எழுந்தார். போட்டோவைத் திருப்பினார். பின்பக்கம் பென்சிலில் அவருடைய அப்பா ஒன்பது பேர் பேரையும் வரிசையாக எழுதியிருந்தார். மூன்றாவது பேர் என் அப்பாவுடையது. ஏழாவது பேர் அக்காவின் அப்பாவுடையது.

"அப்ப எழுதினவரு நமக்கு வலது பக்கத்துலேர்ந்துதான் எண்ணியிருக்காரு," என்றாள் மேடம் மெதுவாக.

"எங்கப்பா கீழ வேல செஞ்சவரு," என்றார் அண்ணன். ஹாலைச் சுற்றிப் பார்த்தார். "இவங்க பெரியப்பாவும் கீழ வேல செஞ்சவரு. இடது கைப் பக்கம் மூணாவது ஆளுன்னு அவரு சொன்னது போட்டோல நிக்கிறவனோட இடது கை. ஸ்டுடியோக்காரன் மேல இருக்கிறவன். அவன் தன்னோட இடது கைப் பக்கத்துலேர்ந்து எண்ணிட்டான். சொன்னவரு மேலயும் தப்பில்ல, செஞ்சவன் மேலயும் தப்பில்ல. இதுல வீட்டுக்குள்ள இருந்த பொம்பளைய எவன் இழுத்தான்?"

எதிர்வீட்டுக்காரி கடைசியில் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். "அக்கா, உங்கப்பா உங்க பையன் மாதிரியே கீறாரு" என்றாள். அதையே அவள் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

கோட்டுப் படத்தை அன்றைக்கே அக்காவிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் தங்கச்சி. இத்தன வருஷம் வெளக்கேத்தின. உன் சாமி மாதிரி ஆயிடுச்சு. நான் எப்படி வாங்கறது?"

"உங்கப்பாவுக்குத்தான்க்கா ஏத்தியிருக்கேன். எங்கப்பாவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். முருகனுக்கு ஆள் தெரியாதா? வாங்கிக்குங்க."

"எங்க வீட்ல மாலை போட மாட்டோம் மா."

"போடாதீங்க. காது தெரியட்டும்."

அப்போதுதான் அழுதார். படத்தை வாங்கி முதலில் அந்தக் காது இருந்த இடத்தில் கண்ணாடி மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

மேடம் குரூப் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தந்தாள். அப்பாவின் முகத்தை மட்டும் தனியாக எடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒரு தலையை மட்டும் தனியாக எடுக்கப் போய்த்தானே இவ்வளவும். இப்போது அதே ஆணியில் அந்தப் போட்டோ முழுசாகத் தொங்குகிறது. ஒரே ஒரு முழம் பூவைச் சட்டத்தின் மேல் விளிம்பில் மட்டும் வைக்கிறேன். யார் முகமும் மறையாது. முதல் நாள் விளக்கேற்றும்போது வீட்டுக்காரர் கேட்டார்.

"ஒம்பது பேருக்கும் சேத்து ஒரே வெளக்கா?"

"கீழ போறப்ப ஒரே கேஜ் கூண்டுலதானே போனாங்க?"

அவர் பக்கத்தில் வந்து நின்று கைகூப்பினார். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கும்பிட்டேன். இப்போதும் அப்படித்தான்.

வகுப்பு ஆறாவது வாரத்தோடு முடிந்தது. அக்கா கிறிஸ்துமஸுக்கு வருகிறார், நான் மாரிகுப்பத்துக்குப் போகிறேன். ஆனால் ஹாலுக்கு அன்றைக்கு வராதவர்கள் பேசுவது நிற்கவில்லை. போன மாசம் பூதிகோட்டையில் ஒரு கல்யாணத்தில், எங்களைத் தெரியாத ஒரு அம்மாள், கோட்டுப் போட்ட வேற்றாளின் படத்தை வைத்து வாழ்ந்த ஒரு விதவையின் கதையை எனக்கே சொன்னாள். அதில் பெரியப்பா இல்லை. ஸ்டுடியோ இல்லை. போட்டோவுக்குப் பின்னால் பென்சிலில் எழுதின பேர்கள் இல்லை. ஒரு பெண்ணும் ஒரு வேற்றாளும் மட்டும்தான் மிச்சம். அன்றைக்கு வீட்டுக்கு வந்துதான் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தேன்.

இதைப் படித்தவர்களிடம் எனக்கு ஒரே விண்ணப்பம். இதை யாரிடமாவது சொல்வதானால் தாராளமாகச் சொல்லுங்கள், படிக்கக் கொடுங்கள். ஆனால் நான் வைத்தபடியே கொடுங்கள். சுவை கூடட்டும் என்று எதையும் சேர்க்காதீர்கள். நீளமாக இருக்கிறது என்று பெரியப்பாவை எடுத்துவிடாதீர்கள். என் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்ன அந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள். முக்கியமாக, இடது பக்கம் மூன்றாவது ஆள் என்று சொல்லும்போது, அது நிற்கிறவருடைய இடது பக்கம் என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள்.